கொடைக்கானல் ஏரிக்கு ஒரு கரை இருக்கிறது

மதிப்பிற்குரிய திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



கொடைக்கானல் ஏரியைப் பற்றி உங்கள் மேசைக்கு என்னென்ன மனுக்கள் வரும் என்று ஊகிப்பது கடினமில்லை. நீர்ச்செடி மண்டுகிறது, கழிவுநீர் கலக்கிறது, சுற்றுச்சாலையில் நடக்க இடமில்லை, குதிரைக்காரர்கள் கூடுதலாகக் கேட்கிறார்கள், சீசனில் வத்தலக்குண்டு சாலை நகர்வதே இல்லை. எல்லாம் நியாயமான குறைகள்தான். கூட்டத்தை அளக்க 2024 மே 7 முதல் இ-பாஸ் கூட வந்துவிட்டது. இவ்வளவு பேச்சிலும் யாரும் கரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

மேலே வருகிறவர்களில் பலர் அதை இயற்கை ஏரி என்றே நம்புகிறார்கள். நட்சத்திர வடிவில் மலை மடிப்புகளுக்குள் நுழைந்து கிடப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அது ஒரு ஓடைப் பள்ளத்தின் குறுக்கே மண்கரை போட்டுத் தேக்கிய நீர். போட்டவர் சர் வியர் ஹென்றி லெவிஞ்ச், மதுரை கலெக்டர், ஆண்டு 1863. தம் கைப்பணத்தையும் இதில் போட்டார், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள். பாசனத்துக்கென்று யாரும் கேட்டுக் கட்டியதல்ல. வெள்ளைக்காரக் குடும்பங்கள் படகு விட்டு இளைப்பாற வேண்டும் என்று கட்டியது. அன்று திண்டுக்கல் மதுரை ஜில்லாவுக்குள் இருந்தது, 1985-இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. ஆக, அந்தக் கரையைப் போட்டவர் உங்களுக்கு முன்னால் இதே பொறுப்பில் இருந்தவர். கரைக்கு வயது 160-ஐத் தாண்டிவிட்டது.

ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சாலை போகிறது. வாடகை சைக்கிளில் ஒரு சுற்று வருகிறவர் வழியில் கரையையும் கடந்துதான் தீர வேண்டும். கடந்தோம் என்று அவருக்குத் தெரியாது. கையில் வேகவைத்த சோளம், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. அந்தச் சரிவைத்தான் நீங்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். தண்ணீர்ப் பக்கத்தைப் பார்த்துக் கரையின் நலத்தைச் சொல்ல முடியாது. நோய் தெரிவது வெளிச்சரிவின் அடிவாரத்தில்.

இதை ஏரிப்பாசன ஊர்களில் யாரும் பாடமாகப் படித்ததில்லை, பார்த்தே கற்றார்கள். எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும். கசிவு தெளிந்து வந்தால், ஏரி நீரைக் காக்கும் நீர்க்கட்டி கவலைப்பட மாட்டார். கலங்கி வந்தால் அன்று இரவு வீட்டுக்குப் போக மாட்டார். கலங்கல் என்றால் தண்ணீர் கரைக்குள்ளிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது, உள்ளே ஒரு துளை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் உளுத்து விட்டுப்போன குழல், எல்லாமே அந்தத் துளைக்குத் தொடக்கம் ஆகலாம். கரையில் பனை வைத்தவர்கள் ஆலையும் அரசையும் வளரவிடாததற்குக் காரணம் இருந்தது. பனையின் சல்லிவேர் மண்ணைப் பிடிக்கும். பெருமரத்தின் வேர் கரையைத் துளைத்துப் போகும், மரம் செத்த பிறகு வழியும் விட்டுப்போகும்.

நண்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்தது. கீழே இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, பத்தொன்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்த மாநிலத்தின் நீர்ப் பாதுகாப்பு அமைச்சர் நண்டுகள்தான் காரணம் என்றார். நாடே சிரித்தது. எனக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை. நண்டு வளை தோண்டத்தான் செய்யும், அது அதன் பிழைப்பு. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியும் அந்த வளையைப் போய்ப் பார்த்து அடைக்க ஓர் ஆள் இல்லாமல் போனதற்கு நண்டு என்ன செய்யும்?

ஆனால் கொடைக்கானலை நினைக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டோக்கோவா என்ற சிற்றூரில். அங்கே ஒரு வேதாகமக் கல்லூரி. அதன் தலைக்கு மேலே 186 அடி உயர அருவி. அருவிக்கும் மேலே கெல்லி பார்ன்ஸ் அணை. 1899-இல் சிறு மின்நிலையத்துக்காகக் கல்லும் மரமும் வைத்துக் கட்டியது. பிறகு அதன் மேலேயே மண்ணைக் கொட்டி, மேலும் உயர்த்தி, மண் அணையாக்கினார்கள். 1957-இல் மின் உற்பத்தி நின்றது. அதன் பின் அந்த 40 ஏக்கர் ஏரிக்குப் பொழுதுபோக்கைத் தவிர வேலையில்லை. வேலை இல்லாத அணையைக் கவனிக்கவும் ஆளில்லை. வெளிச்சரிவு மிகச் செங்குத்து, அதில் மரங்கள் வளர்ந்திருந்தன. சரிவின் ஒரு பகுதி சில ஆண்டுகளுக்கு முன்பே சரிந்து விழுந்திருந்தது; புகைப்படம் கூட இருந்தது. 1977 நவம்பர் 6, ஞாயிறு விடிவதற்கு முன், ஒன்றரை மணி அளவில், பெருமழைக்குப் பின் கரை போயிற்று. அருவியின் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். விசாரித்த குழுவால் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை. கசிவு, செங்குத்துச் சரிவு, வேர் என்று பல சேர்ந்தே கரையைத் தின்றிருந்தன. அதன் பிறகுதான் அதிபர் கார்ட்டர் நாடு முழுக்கத் தனியார் அணைகளையும் மாநில அணைகளையும் சோதிக்க உத்தரவிட்டார்.

இனி நம் ஊர்க் கணக்கு. கொடைக்கானல் ஏரியின் பரப்பு 24 ஹெக்டேர், அதாவது 60 ஏக்கர். சராசரி ஆழம் 3 மீட்டர் என்பார்கள். பெருக்கினால் ஏழு லட்சத்துச் சொச்சம் கனமீட்டர் வருகிறது. கெல்லி பார்ன்ஸ் உடைந்த இரவில் வெளியேறியதும் ஏறத்தாழ இதே அளவுதான். அங்கே ஏரிக்குக் கீழே 186 அடி அருவி. இங்கே ஏரி வழிந்து போகும் நீர், மலைச்சாலையில் 8 கிலோமீட்டர் கீழே, 180 அடி வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஏறும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நின்றுதான் போகின்றன. குரங்குக்குப் பயந்து பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், மேலே உள்ள ஏரியின் உபரிநீரின் கீழே நிற்கிறோம் என்று? டோக்கோவாவைப் போலவே இங்கும் பெருமழைக்கு மாதம் நவம்பர்தான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலை மேல் ஏறி மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அறுத்துப் போட்டது உங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்கும்.

கரை நாளைக்கே உடையும் என்று பீதி கிளப்புவதற்காக இதை எழுதவில்லை. 160 ஆண்டு நின்றிருக்கிறது, நன்றாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் டோக்கோவாக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் வழியில்லை. 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கானது. 10-லிருந்து 15 மீட்டர் வரை என்றால் கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கனமீட்டர் என்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். கொள்ளளவில் நம் ஏரி அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. சிறிய அணைகளை அவரவர் நல்லபுத்திக்கு விட்டிருக்கிறார்கள். கொடைக்கானலில் அந்த நல்லபுத்திக்கு முகவரி யார்? படகுக்குச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இருக்கிறது, படகுக் குழாம் இருக்கிறது. ஏரிக்கு நகராட்சி இருக்கிறது. கரைக்கென்று பெயர் சொல்லி ஒரு பொறியாளரை நீங்கள் பொறுப்பாக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் அவர் சரிவை அடிவாரம் வரை நடந்து பார்க்கட்டும். கசிவு இருந்தால் எவ்வளவு, தெளிவா கலங்கலா என்று எழுதட்டும். செடி கொடியை வெட்டாமல் சரிவைப் பார்க்க முடியாது என்பதால் முதல் செலவு அரிவாளுக்குத்தான், பெரிய தொகை இல்லை.

அடுத்தது, சொன்னால் படகுக்காரர்கள் என்னை ஏசுவார்கள். ஏரி ததும்பினால் படகுக்கு அழகு, சுற்றுலாவுக்கு வருமானம். கரைக்கு அது எதிரி. புயல் வரும் மாதங்களில் நீர்மட்டம் சற்று இறங்கியிருக்க வேண்டும், வருகிற வெள்ளத்துக்கு இடம் வேண்டும். அதற்கு மதகு திறக்க வேண்டும், உபரிநீர் வழியும் கலிங்கு அடைபடாமல் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி சங்கம் ஒன்று சவுத் ஃபோர்க் அணை ஏரியை வைத்திருந்தது. தண்ணீரை இறக்கும் குழாய்கள் முன்பே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன. சங்கம் திரும்பப் போடவில்லை. வண்டி போகக் கரையின் தலையைத் தாழ்த்தினார்கள், மீன் தப்பாதிருக்கக் கலிங்கில் வலை கட்டினார்கள். 1889 மே 31 அன்று வலையில் குப்பை அடைத்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரில் 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கதையில் குற்றவாளி மழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் ஏரியில் அறுத்துப் போடும் நீர்ச்செடியும் பிளாஸ்டிக் பாட்டிலும் பெருமழை அன்று எங்கே போய்ச் சேரும் என்று நகராட்சியிடம் கேளுங்கள்.

தூர்வாரலாமே என்று உடனே யாராவது சொல்வார்கள். அதில் அவசரம் வேண்டாம். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தை இந்த ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் அணுசக்தித் துறையின் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அடிவண்டலைக் கிளறுவதற்கு முன் அதைச் சோதித்தாக வேண்டும், அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதும் முடிவாக வேண்டும். கரை உடைந்தால் கீழே இறங்குவது வெறும் தண்ணீர் இல்லை என்பதற்கும் இதுவே காரணம்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் ஒரு அபாயச் சங்கு, மேலே நீர்மட்டம் எல்லையைத் தொட்டால் அங்கே கூட்டத்தைக் கலைக்கவும் சாலையை மறிக்கவும் ஒரு காவலருக்கு அதிகாரம். அக்டோபருக்குள் இவ்வளவும் செய்ய முடியும். சென்னைக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை.

படகுத்துறையில் கட்டணப் பலகை பெரிதாக இருக்கிறது. அதன் பக்கத்தில் கரையின் உயரம், கலிங்கின் அகலம், கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்த பொறியாளரின் பதவி, இன்றைய நீர்மட்டம் ஆகியவற்றை எழுதிய இன்னொரு பலகை வையுங்கள். எனக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டாம், அடுத்த முறை வரும்போது அங்கே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த ஏரியைச் சுற்றி நடக்கும் ஒரு குடிமகன்