ஒரு வேளைக் கூழுக்காக



களைத்து வந்த ஏசா, தம்பி சமைத்த பயற்றங்கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றான் (ஆதியாகமம் 25). அவன் பசி மெய்யானதே. கொடுத்த விலைதான் அவனைக் கெடுத்தது. போதைப்பொருள் வியாபாரமும் இத்தகையதே.

கொழும்புத் துறைமுகத்தில் 2016 டிசம்பரில் கொள்கலனொன்றிலிருந்து கைப்பற்றப்பட்ட 928 கிலோகிராம் கொக்கேய்ன், 2018 ஜனவரியில் கட்டுநாயக்கவில் பகிரங்கமாக அழிக்கப்பட்டது. விலையுயர்ந்த அந்தத் தூள் நம் லயன்களுக்கு எட்டாது என எண்ணலாம். ஆனால், ரம்புக்கனையில் ரயிலேறித் தலைநகருக்கு வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, "ஒருமுறைதானே" என்று அதை நீட்டும் கைகள் அங்கு உண்டு.

மகிழ்ச்சியை உணர்த்தும் டோபமின் என்னும் இரசாயனம் மூளையில் சுரந்து, தன் பணி முடிந்ததும் மீள உறிஞ்சப்படுகிறது. கொக்கேய்ன் அதைத் தடுத்துத் தேங்கச் செய்கிறது. களைப்பு மறையும், துணிவு பொங்கும். மூக்கால் உறிஞ்சியவருக்குப் பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் அது வடிந்து, சோர்வும் எரிச்சலும் சூழ, உடல் மறுபடியும் அதையே கேட்கும்.

அதற்குள் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இளைஞருக்கும் மாரடைப்பும் பக்கவாதமும் நேரிடலாம். தொடர்ந்து உறிஞ்சினால் மூக்கின் நடுச்சுவர் துளைபடும். மதுவும் சேர்ந்தால் ஈரலில் வேறொரு நச்சுப்பொருள் உருவாகி இதயத்தை மேலும் தாக்கும். கருவுற்ற தாய் பாவித்தால் குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம். 2 கிராம் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுட்கால சிறையோ விதிக்க நம் நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. கூழின் விலையைப் பாருங்கள்!

ஆயினும் விழுந்தவர் எழ முடியாதவரல்லர். கொக்கேய்ன் அடிமைத்தனத்தை மாற்றவென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. முறையான உளவள ஆலோசனையும் உற்றாரின் துணையுமே பலனளிக்கின்றன. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் செல்லும் பாரமான ரயிலுக்கு, முன்னாட்களில் பின்னாலும் ஓர் எஞ்சினைப் பூட்டித் தள்ளுவார்கள். மீண்டுவர முயலும் பிள்ளைக்கும் பின்நின்று தள்ளும் குடும்பமும் சபையும் வேண்டும்.

பெற்றோரே, அயலாரின் பேச்சுக்கு அஞ்சி மறைக்காதீர்கள். பிள்ளைக்கு நெஞ்சு வலித்தால் வைத்தியசாலைக்கு விரையுங்கள். பாவித்தது இன்னதென்று வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்து மாறும். மௌனம் உயிரையே பறிக்கக்கூடும்.

லூக்கா 15இல் வரும் தகப்பன், மகன் குளித்து உடைமாற்றி வரட்டும் எனக் காத்திருக்கவில்லை. தூரத்தில் கண்டதும் ஓடிச்சென்று தழுவிக்கொண்டான். நம் வீட்டு வாசல்களும் அவ்வாறே திறந்திருப்பதாக.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும், விழுந்தவர்களைத் தாங்கும் கரங்களாக எங்களை மாற்றும். ஆமென்.