உறைக்குள் ஒளிந்திருக்கும் எதிரி

பழைய காரைப் புதுப்பித்தவருக்குப் பெயின்ட் அடித்த இடங்களைப் பற்றிய கவலை குறைவு. பெயின்ட் அடிக்கக் கூடாத இடங்கள்தான் தூக்கத்தைக் கெடுக்கும். மே மாதம் பட்டறையிலிருந்து மணமகன் போல வீடு திரும்பும் 1960களின் அம்பாசடர் ஒன்று, மும்பை மழைக்காலம் முழுவதும் உறைக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் உறையை விலக்கினால் வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். பானெட்டைத் திறந்தால் போல்ட் தலைகள், கதவுக் கீல்கள், ஸ்டீயரிங் இணைப்புத் தண்டுகள் எல்லாம் காவி கட்டியிருக்கும்.

இவற்றுக்கும் பெயின்ட் அடித்துவிட்டால் என்ன? மரை உள்ள இடத்தில் பெயின்ட் நிற்காது. உராயும் இடத்தில் உரியும். அசல் தோற்றமும் போய்விடும். 50 ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் என அங்கீகரித்து, ‘விஏ’ எழுத்துகளுடன் தனி எண் பலகை தரும் விதிகளை மத்திய அரசு 2021ல் கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. அம்பாசடர் உற்பத்தியோ 2014லேயே நின்றுவிட்டது. ஆகவே கையில் இருக்கும் இரும்பைக் காப்பாற்றுவதே வழி.

துருவுக்கு வேண்டியது இரும்பு, ஈரம், ஆக்ஸிஜன் மூன்றும்தான். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வேலை வேகம் பிடிக்கிறது. மும்பை மழைக்காலத்தில் 80 சதவீதம் சாதாரணம். கடற்காற்றின் உப்பு இருந்தால் அதற்கும் குறைவான ஈரமே போதும். மெருகேற்றிய பாகத்தை வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு படிந்து, சில நாளில் கைரேகையே துருவாக எழும். துடைத்த பின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

சிகிச்சையின் முதல் படி சுத்தம். மண்ணெண்ணெயில் கழுவிப் பிசுக்கை நீக்கி, வயர் பிரஷ்ஷால் துருவைச் சுரண்ட வேண்டும். துருவின் மேல் எண்ணெய் பூசினால் ஈரமும் அடியிலேயே சிறைப்படும். பிடிவாதமான துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவங்கள் கிடைக்கின்றன. இவை துருவைக் கரைப்பதோடு, இரும்பின் மேல் மெல்லிய சாம்பல் நிறப் பாஸ்பேட் படலத்தையும் விட்டுச் செல்லும். டெல்லி இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கும் இரும்பிலுள்ள பாஸ்பரஸே முக்கியக் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். ஆனால் காரின் பாஸ்பேட் படலத்தில் நுண்துளைகள் உண்டு. நன்றாக உலர்த்தி, அன்றே எண்ணெயோ மெழுகோ பூசாவிட்டால் உழைப்பு வீண்.

ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங்குகளையும் உயர் வலிமை போல்ட்டுகளையும் அமிலத்தில் ஊறப் போடக் கூடாது. அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, பின்னர் பாரம் ஏறும்போது அதை முறித்துவிடலாம். துருவை விட அது ஆபத்து.

எந்த இடத்துக்கு எந்தப் பூச்சு? மரைகளுக்கும் கீல்களுக்கும் கிரீஸ். அடிப்பாகத்துக்கு மெழுகு, அல்லது ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லானோலின் கலவை. கண்ணில் படும் மெருகேற்றிய பாகங்களுக்கு மெல்லிய மெழுகு. எக்ஸாஸ்ட் குழாயில் மெழுகு எரிந்துவிடும். வெப்பம் தாங்கும் பெயின்ட்தான் அங்கே தீர்வு. ரப்பர் புஷ்களில் கிரீஸ் பட்டால் ஊதிப் போகும். பிரேக் டிரம்மின் உட்புறத்திலும் லைனிங்கிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. டிரம்மில் லேசான துரு படிந்தால் பயமில்லை, கொஞ்ச தூரம் ஓட்டி நாலு முறை பிரேக் போட்டால் தேய்ந்துவிடும்.

1953ல் அமெரிக்காவில் உருவான டபிள்யூடி-40ஐ எல்லாவற்றுக்கும் அடிப்பவர்கள் உண்டு. நீரை விலக்குவதுதான் அதன் பெயரிலேயே இருக்கும் வேலை. நனைந்த பாகத்தை உலர்த்த நல்லது. நான்கு மாத மழையைத் தாங்கும் கவசம் அல்ல. பளபளப்பான உலோகத்தில் கிளியர் லாக்கர் அடிப்பதும் அப்படித்தான். ஒரு கீறல் விழுந்தால் துரு அதன் அடியில் நூல் நூலாக ஓடும். பிறகு முழுவதையும் உரித்தாக வேண்டும்.

கடைசியாக உறை. பிளாஸ்டிக் ஷீட் மழையைத் தடுக்கும், கூடவே உள்ளே வியர்க்கவும் வைக்கும். கூரைக்குக் கீழே நிறுத்தி, காற்று புகும் பருத்தித் துணியால் மூடுவதே மேல். மாதம் ஒருமுறை மழையில்லாத நாளில் உறையை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்புப் புள்ளி தெரிந்த இடத்தைத் துடைத்து எண்ணெய் தடவினால் அரை மணி நேர வேலை. தள்ளிப் போட்டால் அக்டோபரில் மறுபடியும் பட்டறை வாசலில் நிற்க வேண்டியதுதான்.