1968 கால்குலேட்டருக்கு உயிர் வருகிறது... 3 வருட போனுக்கு ஏன் வரவில்லை? உப்புக்காற்று ஊருக்கு ஒரு ரிப்பேர் பாடம்

தண்ணீர் புகுந்த போனைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "போர்டு போச்சு அண்ணாச்சி. செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிரலாம்." போனுக்கு மூன்று வயதுகூட ஆகியிருக்காது. சிலருக்கு இஎம்ஐ கூட முடிந்திருக்காது.

இன்னொரு பக்கம், 1960-களில் செய்த மேசைக் கால்குலேட்டர்களைத் திறந்து, பழுது நீக்கி, மறுபடியும் கணக்குப் போட வைக்கிறார்கள் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள். ஏதோ பழம்பொருள் மோகம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்த ரிப்பேர் எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்த்தால், கடலோர ஊர்க்காரர்களின் பர்ஸைத் தொடும் விஷயம் அதில் இருக்கு.

புரோகிராம் கால்குலேட்டர்: அப்படி என்ன ஸ்பெஷல்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துக்கு விலை போடுவது லேசான கணக்கில்லை. முதலில் வெவ்வேறு அளவு துளைகள் கொண்ட சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். பிறகு மஞ்சாடி எடையில் நிறுப்பார்கள். முத்தின் மதிப்பு எடையின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். அதாவது எடை இரண்டு மடங்கு என்றால் மதிப்பு நான்கு மடங்கு.

நூறு முத்துக்கு இந்தக் கணக்கைப் போடணும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கால்குலேட்டரில் நூறு தடவையும் எல்லாப் பொத்தானையும் தட்ட வேண்டும். புரோகிராம் கால்குலேட்டரில் வழிமுறையை ஒரே ஒரு தடவை பதிந்தால் போதும். அதன்பின் எடையை மட்டும் கொடுத்தால் விடை வரும்.

இந்த வகையில் முன்னோடி, இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் 1965-ல் காட்டிய 'புரோகிராமா 101'. நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ 11 திட்டத்தின் கணக்குகளுக்கு நாசாவும் இதைப் பயன்படுத்தியது. அடுத்து 1968-ல் வந்தது ஹெச்பி 9100ஏ. விலை 4,900 டாலர், எடை சுமார் 18 கிலோ. உள்ளே ஒரு ஐசி சிப் கூடக் கிடையாது. தனித்தனி டிரான்சிஸ்டர், டையோடு, காந்த வளையங்களால் ஆன நினைவகம், சின்ன டிவி போல ஒரு பிக்சர் டியூப் திரை, புரோகிராமைச் சேமிக்க ஒரு காந்த அட்டை. அவ்வளவுதான்.

எப்படி ரிப்பேர் செய்கிறார்கள்?

முதல் விதி: பிளக்கைச் சொருகிப் பார்க்காதே. பல வருடம் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் உள்ள மெல்லிய ஆக்சைடு படலம் பலவீனமாகியிருக்கும். ஒரேயடியாக முழு வோல்டேஜ் பாய்ந்தால் அது வெடிக்கலாம். பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர்களையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால் இன்னொரு ஆபத்து: பின்பக்க வோல்டேஜ் சுவிட்ச் 115-ல் இருக்கும். நம்ம ஊர் 230 வோல்டில் அப்படியே போட்டால் கதை முடிந்தது.

அதனால் முதலில் பவர் சப்ளையை மட்டும் தனியாகப் பிரிக்கிறார்கள். மல்டிமீட்டரில் சோதித்து, செத்த கெப்பாசிட்டரை மாற்றி, வேரியாக் மூலம் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். எல்லா வோல்டேஜும் சரி என்றால்தான் மற்ற போர்டுகளுக்கு இணைப்பு.

அடுத்த தலைவலி ரப்பர். காந்த அட்டையை இழுக்கும் உருளை, வருடக்கணக்கில் உருகித் தார் போல ஒட்டிக்கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பொருத்தமான ரப்பர் வளையத்தையோ சிலிகான் குழாயையோ மாட்டுகிறார்கள்.

கடைசியில்தான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. எந்த டிரான்சிஸ்டர் செத்தது என்று கண்டுபிடிக்க சர்க்யூட் படம் வேண்டும். கிடைக்காத இடங்களில் ஆர்வலர்களே போர்டிலுள்ள செம்புத் தடங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து படம் வரைந்து, மற்றவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் போர்டு வெளியே வருகிறது, பாகம் கண்ணுக்குத் தெரிகிறது, மாற்றுப் பாகம் சந்தையில் இருக்கிறது. இந்த மூன்றும் இருப்பதால்தான் அரை நூற்றாண்டு கழித்தும் வேலை நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பிக்சர் டியூப் உள்ள கருவியில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் வோல்டேஜ் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் கை வைக்கவே கூடாது.

உப்புக்காற்று என்ன செய்யும்?

மேலே சொன்ன கருவி குளிர்ந்த, உலர்ந்த ஊரில் இருந்தால் ஒரு கதை. தூத்துக்குடியில் இருந்தால் வேறு கதை. கடற்காற்றில் வரும் உப்புத் துகள் போர்டில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் குளோரைடும் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு, இரும்பில் துரு. கூடவே மின்சாரமும் பாய்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகம் பிடிக்கும்.

இது சும்மா ஊர்ப்பேச்சு இல்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (செக்ரி), கடல்சார் அரிப்பை ஆராய தூத்துக்குடியில் தனி மையமே வைத்திருக்கிறது. துறைமுகமும் உப்பளமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் இரும்பு எப்படிச் சாகிறது என்பது பெரிய செலவுக் கணக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்று: உப்புத் தண்ணீர் பட்ட போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மட்டும் கழுவினால் போதாது. உப்பு அதில் சரியாகக் கரையாது. பேட்டரியை நீக்கிய பிறகு, முதலில் டிஸ்டில்டு வாட்டரால் உப்பை எடுத்து, அப்புறம் ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டுவதே சரியான முறை. அரிசி டப்பாவுக்குள் போனைப் புதைத்தாலும் உப்பு போகாது. கடல் தண்ணீரில் விழுந்த போனை "ஆன் ஆகுதா" என்று அழுத்திப் பார்ப்பதும் சார்ஜ் போடுவதும்தான் அதைக் கொல்லும்.

புது போனை ஏன் காப்பாற்ற முடியவில்லை?

எல்லாமே ஒட்டப்பட்டிருக்கிறது, எல்லாமே சின்னதாகிவிட்டது என்பது பாதி காரணம். அதில் நியாயமும் உண்டு. பசை போட்டு ஒட்டுவதால்தான் தண்ணீர் எளிதில் உள்ளே போவதில்லை. சின்னதாக்கியதால்தான் பாக்கெட்டில் அடங்குகிறது. 18 கிலோ கால்குலேட்டரை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் 'ஐபி68' என்ற முத்திரைக்கான சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது, கடல் தண்ணீரில் இல்லை. கடலோர வாடிக்கையாளரிடம் அதை யார் சொல்கிறார்கள்?

மீதிப் பாதி காரணம், வேண்டுமென்றே போடப்படும் பூட்டு. சர்க்யூட் படம் வெளியே வருவதில்லை. தெருமுனைக் கடைக்கு ஒரிஜினல் பாகம் விற்பதில்லை. சில கருவிகளில், அதே மாடலின் அசல் டிஸ்ப்ளேயை மாற்றினாலும் சாஃப்ட்வேர் அதை முழுசாக ஏற்காது. கடைக்காரர் "போர்டு போச்சு" என்று சொல்வது பல நேரம் திறமைக் குறைவால் இல்லை. அவருக்குப் படமும் இல்லை, பாகமும் இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க வீடுகளுக்குள் தண்ணீர். அப்படிப்பட்ட நாளில் ரிப்பேர் என்பது பொழுதுபோக்கு இல்லை. ஒரு குடும்பம் ஃப்ரிட்ஜ், டிவி, லேப்டாப் எல்லாத்தையும் மறுபடி கடனில் வாங்கணுமா, வேண்டாமா என்ற கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் வந்தது. அடுத்த கட்டமாக, எந்தக் கருவியை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மார்க் போடும் குறியீடு பற்றி இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. மார்க்கை நிறுவனங்களே அறிவிக்கலாம் என்பது அதன் பரிந்துரை.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் முன்னால் போய்விட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே வரும் போன்களில் பழுது பார்க்கும் தரம் லேபிளிலேயே இருக்க வேண்டும். அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கியப் பாகங்கள் 7 வருடம் கிடைக்க வேண்டும்.

இந்தியாவுக்கும் இது கட்டாயமாகணும். தேர்வு எழுதுபவரே பேப்பர் திருத்துவது சரிப்படாது. மார்க்கை வெளி ஆய்வகம் சரிபார்க்க வேண்டும். படமும் பாகமும் அங்கீகரிக்கப்பட்ட சென்டருக்கு மட்டுமின்றி, கிரேட் காட்டன் ரோட்டில் உள்ள சின்னக் கடைக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். அசல் பாகத்துக்கு சாஃப்ட்வேர் பூட்டு போடத் தடை வேண்டும். இவ்வளவு நீளக் கடற்கரை உள்ள நாட்டில், உப்பைத் தாங்கும் திறனையும் அந்த லேபிளில் ஒரு வரியாகச் சேர்ப்பது பெரிய விஷயம் இல்லை.

"இதெல்லாம் செய்தா விலை ஏறும்" என்பார்கள். ஏறலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழுப் போனையும் வாங்குவதை விட அது அதிகமா என்று வாங்குபவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அந்தக் கணக்குக்குப் புரோகிராம் கால்குலேட்டர் கூடத் தேவைப்படாது.