ஒரே கூரையின் கீழ்

திரைப்படக் கலையின்பால் காதல் கொண்டோருள் யானும் ஒருவன். படங்களின் நிறைகுறைகளைப் பேசுவோர் பலர். அப்படங்களைக் காண நாம் சென்று அமரும் அரங்கைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அரங்கின் அருமை குறித்துச் சில எண்ணங்களை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

1894ஆம் ஆண்டிலேயே எடிசனின் 'கினெட்டோஸ்கோப்பு' என்னும் கருவி மக்களிடையே வந்துவிட்டது. ஆயினும், அது ஒருவர் மட்டுமே குனிந்து துளை வழியே பார்க்கத்தக்க பெட்டி. 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறப்பினர் கட்டணம் பெற்றுப் படங்களைத் திரையிட்டுப் பலரையும் ஒருங்கே காணச் செய்தனர். உலகம் அந்நாளையே திரைப்படத்தின் பிறந்தநாளாகப் போற்றுகின்றது. படம் அசைந்தமையால் மட்டுமன்று, மக்கள் கூடினமையாலும் பிறந்த கலை இது என்பது தெளிவு.

தமிழ்நாட்டில் 1905ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், படக்கருவியும் கூடாரமும் கொண்டு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பெற்றது. இவ்வரங்குகள் ஆற்றிய அருந்தொண்டு ஒன்று உண்டு. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்றும் ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வேற்றுமை இருந்தது உண்மையே. எனினும், விளக்கணைந்தபின் அனைவர் முகத்திலும் வீழ்ந்தது ஒரே ஒளியன்றோ?

அவ்வுரிமை இன்றும் முழுமையுற்றதாகக் கூறவியலாது. 2023 மார்ச்சுத் திங்களில் சென்னை அரங்கொன்றில், கையில் நுழைவுச்சீட்டுடன் வந்த நரிக்குறவர் குடும்பத்தினர் வாயிலிலேயே தடுக்கப்பெற்றனர். எதிர்ப்பு எழுந்த பின்னரே அனுமதிக்கப்பெற்றனர். செய்தி பரவியதும் நாடே சினந்தது. திரையரங்கு எல்லார்க்கும் பொது என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியிருந்தமையே அச்சினத்திற்குக் காரணம் எனலாம்.

'திரைப்படம் இளைஞரைக் கெடுக்கும்' என்று பெரியோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்தை யான் எள்ளேன். ஆயினும், அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரங்கிற்குச் செல்லும் இளைஞன் ஊரார் நடுவே அமர்கின்றான். அருகில் ஆசிரியரோ அண்டை வீட்டாரோ இருத்தல் கூடும். கைப்பேசியில் காண்பவனுக்கோ அருகில் எவருமிலர். எடிசனின் பெட்டிக்கே நாம் திரும்பிவிட்டோம். அதனைச் சட்டைப்பையிலும் வைத்துக்கொண்டோம். வேண்டாத காட்சியைத் தள்ளி, வேண்டியதை மட்டும் காண்பவன் பொறுமையை எங்ஙனம் கற்பான்? பிறர் அழும்போது தன் கண்ணும் கலங்குவதை எங்ஙனம் உணர்வான்?

அரங்குகளோ ஒவ்வொன்றாக மறைகின்றன. 1952இல் 'பராசக்தி'யுடன் தொடங்கப்பெற்று, 2500க்கும் மேற்பட்டோர் அமரத்தக்கதாய் விளங்கிய மதுரைத் தங்கம் திரையரங்கு இன்றில்லை. 1961இல் எழுந்த சென்னைச் சாந்தி திரையரங்கும் 2016இல் மூடப்பெற்றது. வணிக வளாகங்களுக்குள் அமைந்த புதிய அரங்குகளில் வசதிகள் மிகுதி. ஆனால், சீட்டின் விலையோடு வண்டி நிறுத்தக் கட்டணமும் தின்பண்ட விலையும் சேருங்கால், கூலித்தொழிலாளி தன் குடும்பத்துடன் அங்கு நுழைவதெங்ஙனம்? முன்னாளில் காசு பிறப்பு வேற்றுமையை ஓரளவு மறைத்தது. இன்று அக்காசே மதிலாய் எழுந்து நிற்கின்றது.

எல்லாப் படங்களையும் காண்க என யான் கூறவில்லை. தேர்ந்து காண்க, அரங்கிற்குச் சென்று பலரோடு அமர்ந்து காண்க. உரிமையாளர்கள் எளியோர்க்கெனச் சில வரிசைகளையேனும் குறைந்த விலையில் ஒதுக்குதல் வேண்டும். நூலகம்போல், பூங்காபோல் திரையரங்கும் ஊரின் பொதுச்சொத்து. அதனை இழந்தபின், முன்பின் அறியாத ஆயிரவர் ஒருசேரச் சிரிக்கும் ஒலியை நாம் வேறெங்கே கேட்கப் போகின்றோம்?