கத்தரித்துக் கொடுத்த மாத்திரைகள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

நான் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பறைக்கு மேற்குப் பார்த்த ஜன்னல். மதியம் மூன்று மணி வெயில் கரும்பலகையில் பட்டுத் தெறித்தால் போதும், இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகாணியை முடுக்குவது போல வலி தொடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் பேசுவதே அடி விழுவதுபோல் இருக்கும். வீட்டுக்கு வந்தால் கடுகு தாளிக்கிற வாசத்துக்கே வாந்தி. ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, இருட்டில் கிடப்பேன். மாதத்தில் இருபது, இருபத்திரண்டு நாள் இப்படி.

ஒரு மருத்துவர் சைனஸ் என்றார். இன்னொருவர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். "டென்ஷனைக் குறைங்கம்மா" என்று சொல்லாதவரே இல்லை. மாமியார் சுக்கை இழைத்துப் பத்துப் போட்டுவிடுவார்; அந்தக் கையின் ஆறுதல் மட்டும் நிஜம். மற்றபடி எல்லா நாளும் மருந்துக்கடைதான். கடைக்காரர் பட்டையைக் கத்தரியால் வெட்டி நான்கு மாத்திரை தருவார். துண்டில் பெயர் பாதிதான் இருக்கும், காலாவதித் தேதி இருக்காது. காலையில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று பதினொரு ஆண்டு விழுங்கினேன்.

அந்த மாத்திரைகளே என் தலைவலியை வளர்த்தன என்று மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் எடுத்தால், அதுவே புதிதாகத் தலைவலியைக் கொண்டுவரக்கூடும். சிலவகை மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். மாதத்தில் 15 நாளாவது தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று பெயர். என் நோய்க்குப் பெயர் இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும்.

வலி வராமல் தடுக்க அவர் புரோப்ரனலால் எழுதினார். இரத்த அழுத்தத்துக்குத் தரும் பழைய மாத்திரை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கென்றே இடம்பெற்றிருக்கிறது. ஒன்றின் விலை ஒரு டீயின் விலையைத் தாண்டாது. "ரெண்டு மாசம் பொறுத்துப் பாருங்க, நடுவுல விட்டுடாதீங்க" என்றார். வலி வந்த நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடச் சொன்னார். நான்காம் மாதத் தாளில் ஏழே வட்டங்கள். இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன்.

மருந்து அத்தனை காலமும் இருந்தது. சொல்ல ஆளில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் ஆராய்ந்ததில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் நான்கில் ஒருவர், பெண்களே அதிகம். நம் ஊர் மட்டும் வேறாக இருக்குமா? 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. எங்கள் தெருவுக்கும் அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் மருந்துப் பையோடு வருகிறார். அந்தப் பையில் இந்த நோய்க்கும் இடம் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் நோயை இனம் காண வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. தடுப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும்; இளம்பெண்ணுக்கு அதை யோசிக்காமல் எழுதக் கூடாது. ஆகவே அந்த மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், நோயாளியிடம் "மாதத்தில் எத்தனை மாத்திரை போடுறீங்க?" என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

மாத்திரைக்கு அடங்காதவர்களும் உண்டு. தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில், 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் போடாக்ஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2010-லேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவாக்கப்பட்ட சிஜிஆர்பி தடுப்பு ஊசிகள் 2018 முதல் வந்துவிட்டன. அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். என் சம்பளத்துக்கே கனம், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு என்ன கதி? ஊசி போட்டுக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவருக்கும் காப்பீடு கைகொடுக்க வேண்டும். மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாரம் ஒருநாளாவது தலைவலிக்கெனத் தனிப் பிரிவு வேண்டும். வலியோடு பேருந்தேறி மதுரை வரை போனவளாகக் கேட்கிறேன். ஹாரன் சத்தத்திலேயே பாதி உயிர் போய்விடும்.

என் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. கணக்குப் பாட வேளையில் கண்ணைப் பொத்திக்கொண்டு டெஸ்க்கில் கவிழ்ந்துவிடுகிறாள். போன வாரம் அவளது ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்கு அடியில், கத்தரித்த பட்டையில் இரண்டு மாத்திரை. அவள் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த மருத்துவரிடம் போகச் சொல்லட்டும்?

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை