கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
பின்னலாடைத் தொழிலாளர் சங்கம், திருப்பூர்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், திருப்பூர்.

ஐயா,

எங்கள் ஊரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது தினமும் புழங்கும் சொல். மாலை ஐந்தரைக்கு முடிய வேண்டிய வேலை இரவு ஒன்பதரை வரை ஓடினால் அரை ஷிப்ட் கூடுதல். அந்தச் சொல்லுக்குள்தான் எங்கள் கூலி காணாமல் போகிறது.

எட்டு மணி நேர ஷிப்டுக்கு 480 ரூபாய் வாங்கும் டெய்லரின் கணக்கைப் பாருங்கள். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவரின் சனிக்கிழமைச் சம்பளக் கவரில் பென்சிலால் '9' என்று ஷிப்ட் கணக்கு எழுதியிருக்கும். உள்ளே 4,320 ரூபாய். அவர் உழைத்ததோ 72 மணி நேரம். 48 மணிக்கு மேற்பட்ட 24 மணிக்கும் இரட்டைக் கூலி போட்டால் பன்னிரண்டு ஷிப்ட், 5,760 ரூபாய் வர வேண்டும். வாரத்துக்கு மூன்று ஷிப்ட் கூலி நஷ்டம்.

இது நாங்கள் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு சொன்னது இருமடங்கு. 2020-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 27-ஆம் பிரிவு சொல்வதும் அதே இருமடங்குதான். கூடவே, தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. கொரோனாவைக் காட்டி இரட்டைக் கூலியை நிறுத்திய குஜராத் அரசின் அறிவிப்பையே உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று ரத்து செய்து, கூடுதல் நேரக் கூலியைக் கொடுக்கச் சொன்னது. பீஸ் ரேட்டுக்கு ஓவர்டைம் கிடையாது என்று கான்ட்ராக்டர்கள் சொல்வதும் சரியல்ல. முந்தைய மாதச் சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று பழைய சட்டத்திலேயே இருக்கிறது.

பையர் ஆடிட் (துணி வாங்கும் நிறுவனங்களின் தணிக்கை) வரும் கம்பெனிகளில் ஐந்தரைக்குக் கார்டு பஞ்ச் செய்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார வேண்டியிருப்பதாக உறுப்பினர்கள் சொல்கிறார்கள். பகலில் பதிவேட்டைப் புரட்டினால் எட்டு மணி நேரம்தான் தெரியும்.

ஆகவே ஆய்வை இரவு எட்டு மணிக்கு மேல், முன்னறிவிப்பின்றி நடத்த வேண்டும். கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆட்களிடமும் தனியாக விசாரிக்க வேண்டும். வேலை நேரமும் ஓவர்டைம் கூலியும் தனித்தனியே காட்டும் சம்பளச் சீட்டு, கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். நிலுவையை வசூலித்துத் தர வேண்டும். புகார் கொடுத்தவர் மறுநாள் வேலையில் நீடிப்பதை உறுதி செய்வதும் தங்கள் பொறுப்பே; அந்தப் பயத்தில்தான் இம்மனுவில் உறுப்பினர் பெயர்களைத் தரவில்லை.

உறுப்பினர்களின் சம்பளக் கவர் நகல்களைப் பெயர் மறைத்து இணைத்துள்ளோம். முதலாளிகள் சங்கத்தையும் எங்களையும் அழைத்து முத்தரப்புப் பேச்சுக்கு நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்