தள்ளுபடி விலையில் ஒரு மலை

ஆடித் தள்ளுபடி என்றால் நம்மவருக்கு விளக்கம் வேண்டுவதில்லை. ஊரை விட்டு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயினும், ‘பாதி விலை’ என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் கை தானாகவே பணப்பையைத் தேடும். அத்தகைய தள்ளுபடி இந்நாளில் துணிக்கடையோடு நிற்கவில்லை. மார்கழிக் குளிரில் கணிப்பொறித் திரையிலும் நடைபெறுகிறது. சென்ற விடுமுறையில் அதனால் நாம் பட்ட பாட்டையும் அடைந்த பயனையும் நேயர்களுக்குக் கூறிவிடுவது நலமெனத் தோன்றுகிறது.

நம் மகளும் மகனும் ‘திறந்த உலக’ விளையாட்டு ஒன்று வேண்டுமென்று நெடுநாளாகக் கேட்டு வந்தனர். அஃது யாதெனப் பெரியோர் வினவலாம். மற்றைய விளையாட்டுகள் பல ரயில் வண்டியைப் போன்றவை; தண்டவாளம் போகும் வழியே போய், ஒரு நிலையத்தைக் கடந்த பின்னரே மறு நிலையத்தைக் காண இயலும். திறந்த உலக விளையாட்டோ ஒற்றையடிப் பாதையில் நடப்பவனுடைய பிரயாணம். மலை தெரிந்தால் ஏறலாம். கடல் தெரிந்தால் இறங்கலாம். மரத்தடியில் சும்மா நின்றாலும் கேட்பார் இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு. அவற்றை 2025ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தது. ஒரு முறை விலை கொடுத்து வாங்கி வீட்டில் ஆடும் இவற்றை அவற்றோடு சேர்த்தெண்ணி அஞ்ச வேண்டுவதில்லை.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்டீம்’ என்னும் இணைய அங்காடியில் கோடையிலும் குளிர்காலத்திலும் பெருந்தள்ளுபடி உண்டு. 2015 முதல் நம் நாட்டவர்க்கு ரூபாய்க் கணக்கிலேயே விலை காட்டுகிறார்கள். அங்கே ஒரு விளையாட்டுக்கு நூற்றுக்கு எண்பது தள்ளுபடி என்று கண்டோம். எண்பது என்ற எண்ணுக்குக் கீழே எழுதியிருந்த எதனையும் நம் கண் காணவில்லை. இரவோடு இரவாக வாங்கிவிட்டோம்.

அவ்விளையாட்டு 100 ஜி.பி.க்கு மேல் இடம் கேட்டது. அதனை இறக்கி முடிப்பதற்குள் இரண்டு நாட்கள் சென்றன. மாதத்துக்குரிய இணைய அளவும் தீர்ந்தது. திறந்து பார்த்தால், நம் பழைய மடிக்கணினியில் படம் சிக்னலுக்குக் காத்திருக்கும் சரக்கு வண்டிபோல் நின்று நின்று நகர்ந்தது. நகர்ந்த அளவில் கண்டதும் துப்பாக்கிச் சூடும் இரத்தமுமே. எட்டு வயது மகன் தாயின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். இல்லத்தரசி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாதிருந்ததே போதுமானதாயிற்று.

நல்ல வேளையாக, வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவது அவ்வங்காடியின் விதி. நாம் ஆடியது இருபது நிமிடம். பணம் திரும்பிற்று, போன இணைய அளவு திரும்பவில்லை.

இதனின்று நாம் கற்ற பாடம் இது: விலைக்கு முன்னே வயதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியரின் ‘பெகி’ முத்திரை 3, 7, 12, 16, 18 என வயதை எண்ணாலேயே கூறிவிடும். அடுத்து, எவ்வளவு இடம், எத்தகைய கணிப்பொறி வேண்டும் என்னும் குறிப்பைப் படிக்க வேண்டும். இவை இரண்டும் பொருந்திய பின்னரே தள்ளுபடி நம் கண்ணுக்குப் புலப்படலாம்.

இம்முறை படித்துப் பார்த்தே வாங்கினோம். கனடா நாட்டைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ 2019இல் வெளியிட்ட ‘எ ஷார்ட் ஹைக்’ என்பது அதன் பெயர். ‘ஒரு சிறு மலைநடை’ எனலாம். கிளேர் என்னும் இளம் பறவை, மலைப் பூங்காவில் பணிபுரியும் தன் அத்தையின் வீட்டுக்கு வந்திருக்கிறாள். முக்கியமான தொலைபேசி அழைப்பு ஒன்றை எதிர்நோக்குகிறாள். கீழே சிக்னல் கிடைக்காது. சிகரத்துக்கு ஏறினால் கிடைக்கும். கதை இவ்வளவே. பகைவர் இல்லை, கொலை இல்லை. பொன்னிறகு ஒன்று கிடைக்குந்தோறும் இன்னும் சிறிது உயரம் ஏறலாம். விரைந்து ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். நாம் நாளொன்றுக்கு அரை மணியாக ஆறு மாலைகள் ஏறினோம்.

வழிகாட்டும் சிறுபடம் திரையின் மூலையில் இல்லாமையால் வீட்டில் உள்ளோர் அனைவரும் வழிகாட்டிகள் ஆயினோம். நாக்பூர்க் குளிரில் ஒரே கம்பளத்துக்குள் நால்வர். “மேற்கே போ”, “பாறையைச் சுற்றிப் போ” என்று நான்கு கட்டளைகள். வழியில் எதிர்ப்படுவோர் பேசுவது ஆங்கிலம். அதனை மகள் படித்துத் தன் தாய்க்குத் தமிழில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் இறகு என்னும் சொல் வராமல் இந்தியில் ‘பங்க்’ என்றாள். பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. அவளைக் குறைகூறி என்ன பயன்? சொல்லை எடுத்துக் கொடுக்காதது நம் குறையே. இறகு, கிளிஞ்சல், தூண்டில், சிகரம் என்று ஒவ்வொன்றாக இல்லத்தரசி கொடுத்தார். ஐந்தாம் நாள், “அம்மா, அந்தப் பையனுக்குப் பதினைந்து கிளிஞ்சல் வேணுமாம்” என்று தடையின்றிச் சொன்னாள்.

ஒன்றை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். பயணச்சீட்டு வாங்கியதால் வண்டி நமதாகிவிடுவதில்லை அன்றோ? இவ்வங்காடியில் நாம் வாங்குவதும் ஆடும் உரிமையையே. கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம் அதனை வாங்குவோர்க்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது. அவ்வாண்டிலேயே வந்த ஸ்டீம் குடும்ப ஏற்பாட்டின்படி ஒரே வீட்டார் அறுவர் வரை தம் விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். பிள்ளைகள் ஆடும் நேரத்துக்கு அளவும் வைக்கலாம். ஆனால் ஒரு பிரதியை ஒரே வேளையில் ஒருவரே ஆட இயலும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனை முன்கூட்டியே சொல்லிவைப்பது சண்டைக்கு மருந்து.

ஆறாம் நாள் கிளேர் சிகரத்தை அடைந்தாள், அழைப்பும் வந்தது. அழைத்தவர் யார், சொன்னது என்ன என்பதைக் கூறி நேயர்களின் சுவையைக் கெடுக்கமாட்டோம். பெற்றோரை ஊரில் விட்டு வந்தவர் அதனைக் கண் கலங்காமல் கேட்பது அரிது என்று மட்டும் சொல்வோம். முன்னொரு முறை நம் தாயார் கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய பின்னரே நமக்குத் தெரிவித்தார். “சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவியேய்யா” என்றார். அந்நினைவு வந்து நாம் பேச்சற்று இருந்தோம்.

“அப்பா, ஆச்சிக்குப் போன் போடலாமா?” என்றாள் மகள். இரவு மணி பத்து. ஆயினும் போட்டோம். அவ்வேளையில் அழைப்பு வரவே தாயார் பதறிப்போனார். “என்னய்யா, எல்லாரும் சொகமா இருக்கியளா?”

மகன் தொலைபேசியைப் பறித்துக்கொண்டான். “ஒண்ணுமில்லை ஆச்சி. நாங்க மலை ஏறிட்டோம்!”

எந்த மலை, எவ்வளவு உயரம், குளிருக்குக் காதை மூடிக்கொண்டீர்களா என்று ஆச்சி கேட்க, பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. அதில் ஒரு சொல்லும் இந்தி இல்லை.